நான்காவது காரணம்

என் பேரன் பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வரலாற்றுப் பயிற்சியை மேசையில் விரித்து வைத்திருந்தான். ‘நம் நாட்டு மக்கள் ஏன் சுதந்திரம் கேட்டார்கள்? மூன்று காரணங்கள் எழுதுக.’ மூன்றையும் எழுதி முடித்திருந்தான். சொந்தமாக ஆட்சி செய்ய. நாட்டின் வளத்தைக் காக்க. மக்களிடையே ஒற்றுமையை வளர்க்க. கையெழுத்து அழகாகவே இருந்தது.

“வளம்னா என்னடா?” என்றேன்.

“ஈயம், ரப்பர்.”

“ரப்பர யாரு எடுத்துக் குடுத்தாங்க?”

“அது கேள்வியில இல்ல பாட்டி.”

அவன் சொன்னது சரிதான். 38 ஆண்டுகள் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தியவள் நான். கேட்டதற்கு மட்டும் விடை எழுதப் பிள்ளைகளைப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று காரணங்களில் ஒரு மனிதர்கூட இல்லை. பசி இல்லை, கோபம் இல்லை, அவமானம் இல்லை. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் அப்படி இருக்கவில்லை. அது ஒரு சைக்கிளோடு வந்தது.

1967-இல் எனக்குப் பதினொரு வயது. கிள்ளானுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவுக்குப் பால் வெட்டு, அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பள்ளிக்கூடம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே நீண்ட அறை. ஆறு வகுப்புகளுக்கு மூன்று வாத்தியார்கள். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பும் வாய் அசைக்கும். இன்று வரலாறு என்கிறோம். அன்று அதன் பெயர் சரித்திரம். அதை நடத்தியவர் பெரிய வாத்தியார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, ஒரு கறுப்பு ராலே சைக்கிள். அந்தச் சைக்கிளைத் தினமும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார்.

அந்த ஆண்டு மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, பத்து வயது. தோட்டத்து நிர்வாகி வெள்ளைக்காரர். துரை என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் எங்கள் எல்லாருக்கும் காகிதக் கொடியும் ஒரு பன்னும் ஒரு மங்கு சிவப்புச் சர்பத்தும் கொடுத்தார். துங்கு அப்துல் ரஹ்மான் பத்து ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முழங்கியதுபோல் நாங்களும் கையை உயர்த்தி ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று கத்தினோம். துரை ஆபீஸ் படியில் நின்று கை தட்டினார். எந்த நாட்டிடமிருந்து விடுதலை பெற்றோமோ அந்த நாட்டுக்காரரின் கையால் கொடி வாங்கி, அவருக்கே நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அன்று எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. பன் நன்றாக இருந்தது.

சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் கொடியோடு செம்மண் சடக்கில் நடந்து வந்தோம். எதிரே பெரிய வாத்தியார் சைக்கிளில் வந்தார். வளைவில் துரையின் லேண்ட்ரோவர் திரும்பியது. வாத்தியார் பிரேக்கைப் பிடித்தார், இறங்கினார், சைக்கிளை ஓரமாகத் தள்ளிக் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றார். தலை குனிந்திருந்தது. வண்டி நிற்காமல் போய்விட்டது. துரை அவரைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. புழுதி அடங்கியதும் வாத்தியார் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சைக்கிளில் ஏறவும் இல்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே போனார்.

மறுநாள் சரித்திரப் பாடத்தில் புத்தகத்தைத் திறக்கவில்லை.

“நேத்து பாத்தீங்கல்ல? யாரும் என்னை எறங்கச் சொல்லல. அந்தப் பழக்கமெல்லாம் போயி வருசக் கணக்காச்சு. ஆனா வண்டிச் சத்தம் கேட்டதும் காலு தானா எறங்கிருச்சு.” கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “சுதந்திரம் எதுக்குன்னு புத்தகத்துல படிப்பீங்க. எங்க அண்ணனக் கேட்டிருந்தா சைக்கிளுக்குன்னு சொல்லியிருப்பாரு.”

பிறகு, ஆபீஸ் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, கிள்ளான் வேலைநிறுத்தத்தைச் சொன்னார்.

1941-இல் அவருக்குப் பதினாறு வயது. அவருடைய அண்ணன் பால் வெட்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார். அந்தக் காலத்தில் துரையோ, துரைக்கு அடுத்த கிராணிமார்களோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அவர்கள் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், வேலை முடிந்த பிறகான நேரம், ஆனாலும் அப்படித்தான். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. கடைச் சாமான் விலையும் ஏறியிருந்தது. தமிழனின் கூலி மட்டும் நாளுக்கு 50 காசு. அதே வேலையைச் செய்த சீனருக்குக் கூடுதல். 60 காசாக்கச் சொல்லிக் கேட்டதில்தான் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் குரலாக இருந்தவர் ஆர். எச். நாதன்.

தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் காலத்தில்தான் அச்சில் படித்தேன். வாத்தியார் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. சீனருக்கு நிகரான கூலி முதலில் வருகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறு வகை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இதைக் கேட்டவர்கள் குடிக்க வந்த கூலிகள் என்று ஏசப்பட்டவர்களே. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். பேசவும் கூட்டம் போடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். எங்கள் பெண்களிடம் துரைமாரும் மற்ற அதிகாரிகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். அந்த வரிசையில், அதே எடையோடு, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

பெண்களைப் பற்றிய கோரிக்கையை வாத்தியார் அன்று எங்களிடம் சொல்லாமல் தாண்டினார் என்று நினைக்கிறேன். அல்லது எனக்குத்தான் புரியாமல் போயிருக்கும். அச்சில் படித்தபோது என் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. தொழிலாளர்கள் காந்தி குல்லா அணிந்து வந்தார்கள். அரசு அவசரநிலையை அறிவித்து ராணுவத்தை இறக்கியது. சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வாத்தியாரின் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி, தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். போகும்போது சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

“ஏழே மாசம்,” என்றார் வாத்தியார். “ஜப்பான்காரன் வந்துட்டான். எதுல வந்தான் தெரியுமா? சைக்கிள்ல.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அது உண்மை. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தீபகற்பத்தில் இறங்கி வந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. எங்களைச் சைக்கிளை விட்டு இறக்கியவர்கள், சைக்கிளில் வந்தவர்களுக்கு முன்னால் ஓடினார்கள். எங்களைக் காப்பாற்ற வல்லவர்கள் என்ற ஒரு காரணத்தைச் சொல்லித்தானே எங்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள்? அந்தக் காரணம் இரண்டே மாதத்தில் செத்தது. மலாயாவும் இந்தோனேசியாவும் பர்மாவும் விடுதலையை இனி தள்ளிப்போட முடியாத ஒன்றாகப் பார்க்கத் தொடங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

வந்தவனும் விடுதலை கொடுக்கவில்லை. சயாம் ரயில் பாதைக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து ஆட்களை வாரிக்கொண்டு போனார்கள். என் தாத்தா போனார், திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் நேதாஜி சிங்கப்பூர் வந்து படை திரட்டினார். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் பால்மரத்துக்கும் லயத்துக்கும் அப்பால் உலகம் பார்க்காத தமிழ்ப் பெண்கள். அதில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்த கோலாலம்பூர் ஜானகி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதில் இருந்தார். பிற்பாடு மேலவை உறுப்பினரும் ஆனார். அதே படையில் இருந்த ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். நான் 1978-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆண் ஆசிரியருக்குச் சமமாகச் சம்பளம் வாங்கினேன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவரை நினைத்திருக்கிறேன்.

வாத்தியார் முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. “இது பரீட்சைக்கு வராது. லயத்துல போயி சத்தமாப் பேசாதீங்க,” என்றார். பள்ளிக்கூடம் நின்றது தோட்டத்து நிலத்தில். அவர் குடியிருந்தது தோட்டத்து வீட்டில். சன்னலைத் திறந்து வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பல வருடம் தவித்திருக்கிறேன். வரலாறு தனிப் பாடமாகக்கூட இல்லாத காலமும் இருந்தது. கஜியான் தெம்பத்தான் என்ற பாடத்துக்குள் சில பக்கங்களாக ஒடுங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு ஆண்டுகளும் பெயர்களும் வாயில் வரும். ஏன் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

ஒரு நாள் புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னேன். அதுதான் ரப்பர். வகுப்பில் ஒரு பையனை நாற்காலியில் உட்காரவைத்தேன், அவன் லண்டன். இன்னொருவன் கிராணி. மற்றவர்கள் கொட்டைகளைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். பத்தில் ஒன்பது லண்டனுக்கு. லண்டன் ஒரு வேலையும் செய்யாது. ஆனால் அது எழுந்து நடக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். விதிகளை மாற்றக் கேட்கலாமா என்று ஒருவன் கேட்டான். கேட்கலாம், முடிவு லண்டனுடையது என்றேன். இருபது நிமிடத்தில் வகுப்பு கொதித்துவிட்டது. ஒரு சிறுமி எழுந்து சொன்னாள்: “கொட்டைய எடுத்துக்கட்டும் டீச்சர். அவன் நடந்தா நான் ஏன் எந்திரிக்கணும்?”

அவளுக்குக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு எனக்குப் பாடம் நடத்தும் வழி தெரிந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்தேன். அமெரிக்காவுக்குத் தேயிலை: 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது, தங்களைக் கேட்காமல் யாரோ போட்ட வரிக்கு எதிராக. இந்தியாவுக்கு உப்பு: 1930-இல் காந்தி தண்டியில் குனிந்து அள்ளியது. நமக்குச் சைக்கிள். பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும். தேயிலையின் விலையோ உப்பின் விலையோ பெரிதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். எழுந்து நிற்கப் பழகியவரிடம்தான் பத்தில் ஒன்பதை எடுக்க முடியும். கூலிக் கணக்கும் சைக்கிள் கணக்கும் ஒன்றுதான். கானா 1957 மார்ச் 6-இல், நாம் ஆகஸ்ட் 31-இல் என்று வரிசையாகத் தேதிகளைச் சொல்லும்போது அவை அதன் பிறகுதான் அவர்கள் மனத்தில் ஒட்டும்.

கடினமான கேள்விகளும் வரும். “மெர்டேக்கா வந்த பிறகும் எங்க பாட்டிக்கு ஏன் டீச்சர் சிவப்பு ஐசி?” எங்கள் வீட்டிலும் பாட்டிக்குச் சிவப்பு அடையாள அட்டைதான், நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. நாற்பது வருடம் இந்த மண்ணில் பால் வெட்டியவர். மாமரத்தடியில் கணவருக்காகக் காத்திருந்தே கிழவியானவர். அந்தப் பிள்ளைகளுக்கு நான் இலங்கையைச் சொல்வேன். 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. விடுதலை ஒரு நள்ளிரவில் எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். பொய்யைத்தான் தாங்கமாட்டார்கள்.

ஆனால் ஒருமுறை நானே சொல்லாமல் விட்டேன். 2007, சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு. நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரண்டார்கள். எங்களைக் கூலிகளாகக் கொண்டுவந்து, போகும்போது நாதியற்று விட்டுவிட்டுப் போனீர்கள் என்று பிரிட்டிஷ் ராணியாருக்கு மனுக் கொடுக்க. கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “டீச்சர், சுதந்திரம் வாங்கி அம்பது வருசம் ஆச்சே, இப்ப ஏன் ராணிகிட்ட போறாங்க?”

அந்தப் போராட்டத்தில் அவன் அப்பா போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அது வகுப்பறையில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்தது என்பதும் தெரியும். நான் அரசு ஊழியர். வாசலில் யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது. “பக்கம் 42 எடுங்க,” என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாரும் என்னைத் திரும்பச் சொல்லவில்லை. கால் தானாக இறங்கியது.

அந்தப் பையனுக்கு இன்றும் பதில் சொல்லவில்லை. பெரிய வாத்தியார் மறுநாள் வந்து சன்னலைச் சாத்திவிட்டாவது சொன்னார்.

2014-இல் தொடக்கப்பள்ளியில் வரலாறு மீண்டும் தனிப் பாடமாயிற்று, நான்காம் ஆண்டிலிருந்து. தமிழில் வண்ணப் புத்தகம். ஆங்கிலேயரை எதிர்த்த மாட் சாலே, தோக் ஜாங்குட், ரோஸ்லி டோபி எல்லாரும் இருக்கிறார்கள். இருக்கவேண்டியவர்கள்தான், மகிழ்ச்சியோடு நடத்தினேன். நான் ஓய்வுபெற்ற 2016 வரை கையில் வைத்திருந்த நூலில் கிள்ளான் வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரி இல்லை. அன்று சொல்ல அஞ்சினார்கள், ஆனாலும் சொன்னார்கள். இன்று சன்னலைச் சாத்த வேண்டியதில்லை. சொல்வதற்குத்தான் ஆளில்லை, நேரமில்லை.

பேரன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மெர்டேக்கா 118 தெரிகிறது. உலகத்திலேயே இரண்டாவது உயரமான கட்டடம், 678.9 மீட்டர். துங்கு முழங்கிய அரங்கம் அதன் காலடியில் கிடக்கிறது. போன பள்ளி விடுமுறையில் புடுவில் உள்ள பெரிய பேரங்காடிக்கு எல்லாரும் போனோம். வாசலருகே பழைய சிறையின் நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பேரன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். அந்தச் சிறையில்தான் 1949 மே 4-இல் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள் என்று சொன்னேன். மலாயாவின் எல்லா இனத் தொழிலாளருக்குமான தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. இந்திய அரசு கேட்டும் உயிர் தரவில்லை. “மால்லயா பாட்டி?” என்றான். ஆமாம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி அவனைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தெங்கு கிளானா சாலையில் பசியாறிவிட்டு, டாக்சி பிடித்துத் தோட்டம் இருந்த இடத்துக்குப் போனோம். தோட்டம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வரிசை வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. இன்னும் தள்ளி மிச்சமிருக்கும் செம்பனைக் காடுகளில் வேலை செய்கிறவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களில் பலருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கும். அவர்களும் கேட்பார்கள். அவர்கள் கேட்பதை எழுதிவைக்க நம் பிள்ளைகளுக்குக் கை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

“வாத்தியார் எந்த எடத்துல எறங்குனாரு?” என்று கேட்டான்.

வளைவைத் தேடினேன். சடக்கு நேராகிவிட்டது. ஒரு கிளினிக், ஒரு கார் கழுவும் கடை, போக்குவரத்து விளக்கு. ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி, “இங்கயா?” என்றான். இருக்கலாம் என்றேன். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். வெயில் ஏறியது. நான் அவனுக்கு நாதனைச் சொன்னேன், அண்ணனைச் சொன்னேன், ஐந்து பேர் செத்ததைச் சொன்னேன், பெரிய வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன சாயங்காலத்தைச் சொன்னேன். கடைசியில், பதில் சொல்லாமல் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதையும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பயிற்சி நூலை எடுத்து மூன்றாவது காரணத்துக்குக் கீழே நான்கு என்று இலக்கம் போட்டான். மூன்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்று நான் நினைவூட்டவில்லை. எழுதி முடித்து என்னிடம் நீட்டினான்: ‘துரை வந்தால் சைக்கிளை விட்டு இரங்கச் சொன்னார்கள்.’

பென்சிலால் சின்ன ரகரத்தை அடித்துப் பெரிய றகரம் போட்டேன். வேறெதையும் தொடவில்லை.